கணக்கை உரக்கப் படித்தால்

தணிக்கையில் மாட்டுகிறவன் பெரும்பாலும் வேலை தெரியாத திருடன்தான். ரசீது வைக்க மறந்தவன், தேதியை முன்பின்னாகப் போட்டவன், கூட்டலில் பிசகியவன். தெரிந்து எடுக்கிறவனின் கோப்பு பார்க்கவே லட்சணமாக இருக்கும். எஸ்டிமேட் இருக்கும், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வரிசையாகக் கோத்திருக்கும், ஓவர்சியர் எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவுக்கும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் விழுந்த கைநாட்டுக்கும் பட்டியல் தொகைக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது. ஒன்றியக் கணக்குகளைத் தணிக்கை செய்து பிழைத்தவன் நான். அப்படி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால் டிக் அடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி கிடையாது. காகிதத்தை வைத்துக் காகிதத்தைச் சரிபார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம். கைநாட்டு யாருடைய கட்டைவிரல் என்று மஸ்டர் ரோல் சொல்லாது. எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பதை ஒரு நல்ல மழைக்குப் பிறகு கண்மாயும் சொல்லாது.

ஊழலைத் தடுக்க அரசாங்கம் என்னென்ன செய்திருக்கிறது என்று கேட்டால் நீளமாகவே சொல்லலாம். 1962-இல் மத்திய அரசு அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் தஞ்சாவூர் ஜில்லாக்காரரான கே. சந்தானம். அந்தக் குழு சொன்னதன் பேரில்தான் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கும் அதே வயது. 1988-இல் ஊழல் தடுப்புச் சட்டம், 2013-இல் லோக்பால் சட்டம். அந்த லோக்பால் நாற்காலியில் ஆள் உட்கார 2019 ஆகிவிட்டது. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். லஞ்சம் வாங்குகிறவனைப் பவுடர் தடவிய நோட்டோடு பிடிக்க இவை வேண்டும். ஆனால் எம்-புக்கில் ஒரு எண்ணைக் கூட்டி எழுதுகிறவன் கையில் எந்தப் பவுடரும் ஒட்டாது. பொதுப்பணம் கரைவது பெரும்பாலும் இப்படி எழுதப்படும் எண்களில்தான்.

அதனால் எனக்கு அக்கறை வேறொரு வகைச் சீர்திருத்தத்தில். அதை நூறு நாள் வேலைத் திட்டத்தை வைத்துச் சொல்வது எளிது. திருட்டை அடைக்க இத்தனை விதமாக முயன்று பார்த்த இன்னொரு திட்டம் எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் கிடையாது.

2006 பிப்ரவரி 2-ஆம் தேதி அந்தத் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள் அதில் இருந்தன. எங்கள் சிவகங்கை அவற்றில் ஒன்று. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல் மற்றவை. கூலி அப்போது 80 ரூபாய். சிவகங்கைச் சீமையில் வேலைக்கு என்ன பஞ்சம்? ஊருக்கு ஒரு கண்மாய், அதற்கு ஒரு வரத்துக்கால், எல்லாம் தூர்ந்து கருவேலம் மண்டிக் கிடந்தன. மண்வெட்டியும் சட்டியுமாகப் பெண்கள் இறங்கினார்கள். ஒப்பந்ததாரருக்கு இடமில்லை, மண் வெட்டும் இயந்திரத்துக்கும் இடமில்லை என்று சட்டம் சொன்னது. ஒப்பந்ததாரர் இல்லையென்றால் திருட்டு இல்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

மண் வேலையில் பணம் எடுக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். முதலாவது ஆள் கணக்கு: வராதவர் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது. இரண்டாவது அளவு: வெட்டிய குழியின் ஆழத்தைக் கூட்டி எழுதுவது. முறைப்படி, குழிக்கு நடுவே வெட்டாமல் ஒரு மண்திட்டை விட்டுவைக்க வேண்டும். பழைய தரைமட்டம் எது என்று அதைப் பார்த்துத்தான் ஆழம் அளப்பார்கள். அந்தத் திட்டின் தலையில் நாலு சட்டி மண்ணைக் கொட்டினால் குழியின் ஆழம் அரை அடி கூடிவிடும். வேலை செய்தவர்களுக்கு எதிராகவும் இதே அளவு வேலை செய்யும். ஆள் கணக்கில் பொய்ப்பெயர் சேர்ந்திருந்தால் மொத்த மண்ணை எல்லோருக்கும் வகுத்து, உண்மையாக வெட்டியவருக்கும் கூலி குறையும். காலையிலிருந்து வெயிலில் நின்றவர், தனக்கு ஏன் முழுக்கூலி வரவில்லை என்று கேட்டால், “எம்-புக்கில் அவ்வளவுதான் வருது” என்பார்கள். எம்-புக்கைக் காட்டு என்றால், அது அலுவலக ரகசியம்.

மூன்றாவது, பொருள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அலுவலக ரகசியம் என்ற அந்தப் பதிலை எதிர்த்துக் கிளம்பியவர்கள் ராஜஸ்தானின் கூலிக்காரர்கள். அங்கே வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போராடியவர்களுக்கு, “நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் இருக்கிறது” என்றே பதில் வந்தது. அப்படியானால் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அவர்களோடு நின்றவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-இல் அதை விட்டுவிட்டு வந்தவர். நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் இருந்துகொண்டு, 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட் கிரானா என்ற ஊரில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கிடைத்த பதிவேட்டு விவரங்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படிக்கப் படிக்க, பெயருக்குரியவர் எழுந்து “நான் போகவே இல்லையே” என்றார்.

இதில் தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர், கேட்கக் காது உள்ள ஓர் ஊர். தணிக்கை வேலையில் தேய்ந்த எனக்கு இதைப் பற்றி முதலில் படித்தபோது ஒரு பொறாமையே வந்தது. நாங்கள் அறையைச் சாத்திக்கொண்டு பார்த்த அதே மஸ்டர் ரோலை அவர்கள் மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். எங்களால் சாகும்வரை கண்டுபிடிக்க முடியாதது அங்கே பத்து நிமிடத்தில் வெளியே வந்தது.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத்துச் சாலைச் சந்திப்பில் 40 நாள் உட்கார்ந்து, கணக்கின் நகலைப் பெறும் உரிமையைச் சட்டமாக்கு என்று கேட்டார்கள். அந்தக் குரல் தில்லிக்குப் போய்ச் சட்டமாக இன்னும் ஒன்பது ஆண்டு பிடித்தது. நடுவில் ஒரு சங்கதி. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். நமக்கு இதில் பெருமை பேசிக்கொள்ள அதிகம் இல்லை. அதில் கொடுக்க வேண்டிய தகவலைவிடக் கொடுக்க வேண்டாத தகவலின் பட்டியல் நீளமாக இருந்தது. கேட்டு யாரும் வாங்காத உரிமை அது. மேலிருந்து இறங்கியது, அப்படியே அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது.

2005-இல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அக்டோபர் 12 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. நூறு நாள் வேலைக்கான வேலை உறுதிச் சட்டத்தில் 17-ஆம் பிரிவாக ஒரு சிறு பத்தி இருந்தது: வேலைகளை கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், அதற்காக மஸ்டர் ரோல், பட்டியல், வவுச்சர், அளவுப் புத்தகம், அனுமதி ஆணை எல்லாவற்றையும் ஊராட்சி எடுத்துத் தர வேண்டும். நான் அரைப் பக்கம் எழுதிக் கேட்டாலும் தராத எம்-புக்கை, கைநாட்டு வைக்கிற ஓர் அம்மாள் கேட்டால் தந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. 2011-இல் இதற்கென்று விதிகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தணிக்கை, திட்டத்தை நடத்துகிறவர்களுக்குக் கட்டுப்படாத தனி அமைப்பு, தணிக்கைக்கு வருகிறவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது. அதன்படி 2013-இல் தமிழ்நாட்டிலும் சமூகத் தணிக்கைக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் சமூகத் தணிக்கை என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். வேறு ஊராட்சிகளிலிருந்து வந்திருந்த கிராம வள பயிற்றுநர்கள் எல்லோரும் மகளிர் குழுப் பெண்கள். ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு, இன்னொருத்தி பத்து முடிக்காதவள். வீடு வீடாகப் போய் வேலை அட்டையை வாங்கி, அதிலிருப்பதையும் கணினியில் எடுத்த பட்டியலையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு வரத்துக்காலுக்குப் போனார்கள். காகிதத்தில் இருந்த நீளத்துக்கு வாய்க்கால் இல்லை. பாதி வழியில் ஒரு புளியமரத்தோடு வெட்டு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பழைய கருவேலங்காடு அப்படியே இருந்தது. ஒரு பாட்டி சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: “அந்த மரத்தைத் தாண்டி நாங்க போகவே இல்லை தாயி. எழுதுனவுகதான் தாண்டிப் போயிருக்காக.”

கிராம சபை நடந்த நாளில் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எழுந்து பெயர் பெயராகப் படித்தாள். டீக்கடைக்காரர் ஒருவர் பெயரைப் படித்து, கண்மாய் வேலையில் இத்தனை நாள் என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அவரு பாய்லரை விட்டு எறங்கி யாருய்யா பாத்தது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தணிக்கைத் தடையை எழுதி, அதற்குப் பதில் வாங்கி, பதிலுக்கு மறுபதில் எழுதி ஆண்டுக்கணக்கில் இழுத்தவன் நான். ஒரு சிரிப்பில் அது முடிந்ததைப் பார்த்தேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது வேறொன்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரு மருமகளின் பெயரும் பட்டியலில் இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது அப்பட்டமான பொய்ப்பதிவு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்க்காரி தானாகவே எழுந்தாள். “வேலை பாத்தது நான்தான் ஆத்தா. ஆதார்ல ஒரு பேரு, பாஸ்புக்குல ஒரு பேருன்னு எனக்குக் காசு ஏறலை. நடையா நடந்து பாத்துட்டு அவ பேர்ல போட்டுக்கிட்டோம்” என்றாள். கூட வேலை செய்தவர்கள், ஆமாம், தினமும் வந்தாள் என்றார்கள். பயிற்றுநர் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தத் தொகையை மீட்க வேண்டியதாக எழுதாமல், ஆதார் பெயரைத் திருத்தித் தர வேண்டும் என்ற கோரிக்கையாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தாள். டீக்கடைக்காரர் பதிவும் இந்தக் கிழவியின் பதிவும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அந்த ஊருக்கு மட்டுமே தெரியும்.

இப்படியே எல்லா ஊரிலும் நடக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர் வந்தால்தான் கிராம சபைக்கு கோரம். வராவிட்டால் கையெழுத்து நோட்டு வீடு தேடி வரும். “சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா, மீட்டிங் நடந்துச்சு” என்பார்கள். பல ஊர்களில் கணக்கை வாசித்தவர் வாய்க்கும் பக்கத்தில் நின்றவர் காதுக்கும் நடுவிலேயே அது முடிந்துவிடுகிறது.

உயிர் போன கதையும் உண்டு. 2008 மே மாதத்தில் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் இந்தத் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கு உதவிக்கொண்டிருந்த லலித் மேத்தா என்ற இளைஞரைக் கொன்றுபோட்டார்கள். மண்வெட்டிக் கூலியில் அவ்வளவு காசு இருக்கிறதா என்று கேட்பவர்கள், ஒரு ஒன்றியத்துக்கு ஒரு வருஷத்தில் இறங்கும் தொகையைக் கூட்டிப் பார்க்கலாம்.

சமூகத் தணிக்கையை அரசாங்கமே முன்னின்று நடத்தி வழிகாட்டிய மாநிலம் அன்றைய ஆந்திரப் பிரதேசம். 2006-லேயே தொடங்கி, பிறகு தனி அமைப்பாக்கி, ஊர் ஊராகச் சுற்றிவந்தார்கள். அதன் பலன் என்ன என்று பர்சானா அஃப்ரிதி, வெகார்ட் இவர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தத் தணிக்கை அறிக்கைகளையே எடுத்துவைத்துப் பார்த்தார்கள். கூலியில் நடந்த முறைகேடு குறைந்த இடத்தில், பொருள் வாங்கியதில் முறைகேடு கூடியிருந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. யார் வேலைக்கு வந்தார், வரவில்லை என்று பாட்டிக்குத் தெரியும். சிமெண்ட் எத்தனை மூட்டை விழுந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பொருள் என்று முன்னே நிறுத்திவைத்தது இதைத்தான். சிமெண்ட் சாலை 15 சென்டிமீட்டர் கனம் என்று எஸ்டிமேட்டில் இருக்கும். இரண்டு ஓரத்திலும் பலகை கட்டி அந்தக் கனம் வரும்படிக் கொட்டுவார்கள். ஓரத்தை அளந்தால் கணக்குச் சரி. நடுவில் மண்ணை மேடாக்கிவிட்டிருப்பதால் அங்கே கனம் 10-கூட இருக்காது. ஜல்லி ஒரு லோடு வந்து மூன்று லோடாகப் பட்டியலாகும். இதைப் பிடிக்க ஊர் வாய் போதாது. சாலையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். சமூகத் தணிக்கைக்காரர்களோடு ஒரு நேர்மையான பொறியாளரையும் அனுப்பாதவரை அந்தப் பெண்கள் கூலி வரைக்கும் காவல் காப்பார்கள், மூட்டை அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இனி பணம் வரும் பாதைக்கு வருவோம். அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 காசுதான் மக்களைச் சேருகிறது என்று 1985-இல் காளஹண்டிக்குப் போனபோது ராஜீவ் காந்தி சொன்னதை எல்லோரும் கேட்டிருப்போம். பழைய முறையில் ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்கும், ஒன்றியம் மாவட்டத்தைக் கேட்கும், முன்பணம் இறங்கி ஒவ்வொரு மட்டத்திலும் தங்கும். யாருக்குக் கூலி என்ற பெயரே இல்லாமல் பணம் மட்டும் முன்னால் வந்துவிடும். நாலு மடை தாண்டி வயலுக்கு வரும் தண்ணீர் மாதிரி, ஒவ்வொரு மடைக்காரனும் தன் வயலுக்குக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளத் தோதான ஏற்பாடு.

2012-இல் பீகாரின் 12 மாவட்டங்களில் ஒரு சோதனை செய்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் அதை ஆராய்ந்தார்கள். சோதனைக்குத் தேர்ந்த ஊராட்சிகள் யாரையும் முன்பணம் கேட்க வேண்டாம். வேலை செய்தவர் பெயரையும் கூலியையும் கணினியில் ஏற்றினால் அந்த அளவுக்கு மட்டும் பணம் வரும். திட்டச் செலவு 24 சதவீதம் குறைந்தது. வேலை கிடைத்ததாகச் சொன்ன குடும்பங்கள் குறையவில்லை. ஆக, குறைந்தது வேறு எதுவோ! அங்கே அலுவலர்கள் தாமே அறிவித்த சொத்து மதிப்பும் இறங்கியிருந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. நான் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

ஆந்திராவில் எட்டு மாவட்டங்களில் கைரேகை அட்டை கொண்டுவந்தபோது முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற மூவர் அளந்து பார்த்ததும் நல்ல செய்திதான். நூறு நாள் கூலியில் கசிவு 12.7 சதவீதப் புள்ளி குறைந்தது, கூலி வாங்க அலையும் நேரமும் குறைந்தது. ஆனால் அங்கே ஒரு நயமான சங்கதி இருந்தது. அட்டை இல்லாதவருக்கும், ரேகை விழாதவருக்கும் கூலியை நிறுத்திவிடவில்லை. கருவி வசதிக்கு வந்தது, வாசலில் காவல் நிற்க வரவில்லை. அதே முரளிதரன் குழு பிறகு ஜார்க்கண்டில் ரேஷன் கடைக்கு ஆதார் கட்டாயமானதை ஆராய்ந்தபோது, உரியவர்கள் சிலர் பொருள் வாங்க முடியாமல் விடுபட்டதைக் கண்டது. நூறு நாள் கூலி முழுவதையும் ஆதார் வழியேதான் தர வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். மருமகள் பெயரில் மண் வெட்டிய அந்த மாமியாரைப் போல எத்தனை பேர் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு முன்பே கைபேசி வந்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை. சிக்னல் இல்லாத கண்மாய்க்குள் பணித்தளப் பொறுப்பாளர் பெண் கையை உயர்த்திக்கொண்டு கரையில் ஏறி ஏறி இறங்குவதை நீங்களும் பார்த்திருக்கலாம். படம் ஏறாவிட்டால் வெட்டிய மண் வெட்டாத மண்தான். திருடுகிறவனை இது நிறுத்தியதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் படத்தில் உள்ள தலையும் ஒத்துப்போகவில்லை, ஆண் பெண் கணக்கும் ஒத்துப்போகவில்லை, ஒரே படம் பல மஸ்டர் ரோலுக்குப் போகிறது என்று அமைச்சகமே எழுதியது. தீர்வாகச் சொன்னது, ஒவ்வொரு மட்டத்திலும் அலுவலர்கள் உட்கார்ந்து படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது. நான் அந்தக் காலத்தில் கைநாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வேறு யாரோ படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தப் படம் தில்லிக்குத் தெரிகிறது. அதை எடுத்துக் கிராம சபையில் காட்டினால், “இது நம்ம கண்மாயே இல்லையே” என்று ஒரு குழந்தை சொல்லிவிடும். எந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: தகவல் மேலே போவதோடு நின்றுவிடுகிறதா, பெயருக்குரியவர் காதிலும் விழுகிறதா? மேலே மட்டும் போகிற தகவலை மேலே இருப்பவருக்குப் பிடித்த மாதிரி எழுதிக் கொடுக்க எங்கள் ஆட்களுக்கு எப்போதுமே தெரியும்.

தண்டனை விஷயத்தில் 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் தொடக்கத்திலிருந்தே சொத்தையாக இருந்தது. சட்டத்தை மீறினால் அதன் 25-ஆம் பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 1000 ரூபாயாகத்தான் இருந்தது. சமூகத் தணிக்கை கண்டுபிடிக்கும் தொகையில் திரும்ப வருவது சிறு பங்குதான். மாவட்டக் கூட்டம் தள்ளிப்போகும், பிறகு ஆளே மாற்றலாகிப் போயிருப்பார். தணிக்கை அமைப்புக்குச் செலவுப் பணம் வருவதும் தணிக்கைக்கு உள்ளாகும் அதே அரசாங்கத்திடமிருந்து. அது தாமதமானால் வள பயிற்றுநர் பெண்கள் தம் கைக்காசில் பஸ் ஏற வேண்டும். இன்னொரு பக்கம், முறைகேடு என்று சொல்லி 27-ஆம் பிரிவைக் கொண்டு 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கான நிதியை மத்திய அரசு நிறுத்தியது. 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டியிருந்தது. திருடியவர் யாரோ, மூன்று ஆண்டுக்கு மேல் கூலி இல்லாமல் இருந்தவர்கள் மண் வெட்டியவர்கள். ஊழல் ஒழிப்பு என்ற பெயரில் இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. பெயர் மாறிவிட்டது, நூறு நாள் 125 நாள் ஆகிவிட்டது, மாநிலங்கள் போட வேண்டிய பங்கும் கூடிவிட்டது. அதன் நன்மை தீமையை வேறு யாராவது எழுதட்டும். சமூகத் தணிக்கை அதிலும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

கடைசியாக, இதைப் படிப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் காகித நகல் வாங்குவது மட்டும்தான் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். அதன் 2-ஆம் பிரிவின் ஜே உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. பாட்டியால் எண்ண முடியாத அந்த சிமெண்ட் மூட்டைக்கு இதுதான் வழி. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். பதிவேடுகளை உட்கார்ந்து பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. உங்கள் தெருவில் புதிதாகப் போட்ட சாலையின் எஸ்டிமேட்டையும் எம்-புக்கையும் கேளுங்கள். சாலையின் நடுப்பகுதியிலிருந்து மாதிரி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கிடைத்ததை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது அடுத்து வருகிறதோ அன்றைய கிராம சபையில் எழுந்து உரக்கப் படியுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்; தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.